ஏழு லைனை ஒன்றாக்குவதற்கு முன்

கேள்வி இதுதான்: "மலேசியாவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் டவுன். இங்குள்ள மாவட்ட மன்றத்தில் நான் ஐடி உதவி அதிகாரி. என்னையும் சேர்த்து இரண்டே பேர். வருவாய், லெசென் (உரிமம்), பொறியியல், சுகாதாரம், திட்டமிடல், பூங்கா, குப்பைமேடு என ஏழு இடத்துக்கு ஏழு இணைய லைன், ஏழு மோடம், ஆளுக்கொரு வெண்டர். எல்லாவற்றையும் ஒரே பாதுகாப்பின் கீழ் கொண்டுவரச் சொல்கிறார் செயலாளர். பெரிய ஃபயர்வால் ஒன்று வாங்கினால் போதும் என்கிறார் வெண்டர். சரியா அண்ணே? எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, வலையில் போகவர இருப்பதைப் பார்த்துத் தடுக்கும் அந்த ஃபயர்வால் பெட்டி வேண்டியதுதான். ஆனால் அதை வாங்கி வைத்து ஏழு இடத்துக் கேபிளையும் அதில் கொண்டுவந்து சொருகினால், இன்றைக்கு இருப்பதைவிட மோசமான நிலைக்குப் போய்விடுவீர்கள். வெண்டர் இதைச் சொல்லமாட்டார். பெட்டி விற்பது அவர் தொழில்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் இந்த வீட்டில் மணக்கும். ஒரு வீட்டு அடுப்பில் தீப்பிடித்தால் அது கூரைக்கடியில் ஓடி வரிசை முழுக்கப் பரவிவிடும். முன்வாசலில் எவ்வளவு பெரிய பூட்டு தொங்கினாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் ஏழு லைனும் இப்போது ஏழு தனி வீடு. ஒவ்வொன்றும் ஓட்டை உடைசல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் லெசென் பகுதியில் யாரோ தப்பான மின்னஞ்சலைத் திறந்து, அங்குள்ள கோப்பெல்லாம் பூட்டிக்கொண்டு பணம் கேட்டு நின்றால், வருவாய்ப் பகுதி தப்பித்துவிடும். யாரும் யோசித்துக் கட்டிய பாதுகாப்பு இல்லை அது, தானாக அமைந்தது. ஒன்றாக்குகிறேன் என்று இறங்கும்போது முதலில் இடிபடுவது அந்தச் சுவர்தான். அதற்குப் பதிலாக நீங்களாக ஒரு சுவர் எழுப்பி, அதைக் கூரைவரை கொண்டுபோக வேண்டும்.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற கிருமி வந்ததே, நினைவிருக்கும். அது உள்ளே நுழைந்த கணினியோடு நிற்கவில்லை. விண்டோஸ் கோப்புகளைப் பகிரப் பயன்படும் 445-ஆம் போர்ட் (கணினியின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) வழியாகப் பக்கத்துக் கணினிக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் தானாகவே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாகப் போடாதவர்கள் மாட்டினார்கள். தடுப்பே இல்லாத ஒரே வலையில் எல்லோரையும் உட்கார வைத்தால், ஒரே ஒரு கணினியில் திருத்தம் போட மறந்ததற்கு மன்றமே விலை கொடுக்கும்.

அதனால் எதை ஒன்றாக்குவது, எதைப் பிரித்தே வைப்பது என்று முதலில் மனதில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். உள்ளே யார் வருகிறார்கள் என்று பார்ப்பது, என்ன நடக்கிறது என்று கண்காணிப்பது, கெட்டுப்போனால் பொறுப்பேற்பது, இதெல்லாம் ஒரே கையில் இருக்கட்டும். ஒரு பகுதியின் கணினி இன்னொரு பகுதியின் கணினியோடு பேசுவது மட்டும் கேட்டு அனுமதி வாங்க வேண்டிய விஷயமாகவே இருக்கட்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நிதிப் பிரிவிலிருந்து. சிரிக்காதீர்கள். கடந்த ஒரு வருடத்து இணைய பில், கைப்பேசி பில் எல்லாவற்றையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஏழு லைன் என்கிறீர்கள்; பில்லைப் புரட்டினால் ஒன்பதோ பத்தோ வரும் என்பது என் ஊகம். பாசாரில் கேமரா மாட்டியவர் மேசைக்கடியில் ஒரு 4ஜி மோடம் வைத்துவிட்டுப் போயிருப்பார். பொது மண்டபத்தில் கல்யாணத்துக்கு வருபவர்களுக்காக யாரோ ஒரு வைஃபை போட்டிருப்பார்கள், அதன் இன்னொரு முனை அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் இருக்கும். ஐடிக்குத் தெரியாத லைன் உண்டு, பில் வராத லைன் கிடையாது. அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகமும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கேபிளாகப் பிடித்துக்கொண்டே போங்கள். இரண்டு பேருக்கு இரண்டு வாரம் ஆகலாம். இந்த வேலையை வெண்டரிடம் கொடுக்காதீர்கள். அவர் எண்ணினால் அவர் விற்ற பெட்டிகள் மட்டும்தான் கணக்கில் வரும்.

அடுத்தது முகவரி, அதாவது வலையில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எண். இங்கே நான் ஒரு தடவை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன்.

அப்போது நானும் ஒரு வெண்டரின் ஆள்தான். ஊர் பேர் வேண்டாம், இதே மாதிரி ஒரு சின்ன மன்றம். வருவாயையும் லெசென் பகுதியையும் இணைக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு கேபிளை இழுத்து இரண்டு ஸ்விட்சையும் சேர்த்தேன். எல்லாம் ஓடியது. திங்கட்கிழமை காலையில் கதவு திறந்தபோது வாசல்வரை வரிசை. பிப்ரவரி கடைசி வாரம், மதிப்பீட்டு வரி கட்டக் கெடு. எட்டு மணிக்கு காவுண்டர் ஓடியது, எட்டரைக்கும் ஓடியது. ஒன்பது மணிக்கு நின்றுவிட்டது. சர்வரை அணைத்துப் போட்டால் ஐந்து நிமிடம் வரும், மறுபடி போகும். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த பாட்டிகள் கையில் ரசீதும் பணமுமாக நிற்கிறார்கள். நான் சர்வர் அறையில் வியர்த்துக்கொண்டு நிற்கிறேன்.

காரணம் தெரிய இரண்டு மணி நேரமானது. காவுண்டர் சர்வரின் முகவரி 192.168.1.10. லெசென் பகுதி போட்டோஸ்டேட் மெஷினின் முகவரியும் 192.168.1.10. இரண்டையும் வெவ்வேறு வெண்டர் போட்டது, இருவரும் பெட்டியோடு வந்த எண் வரிசையையே வைத்துக்கொண்டார்கள். சனி ஞாயிறில் மெஷின் அணைந்திருந்தது, அதனால் சண்டை இல்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அங்கிருந்த காக் (அக்கா) பசியாறிவிட்டு வந்து மெஷினைத் தட்டியதும், வரிப்பணக் கணக்கில் பாதி போட்டோஸ்டேட் மெஷினிடம் போய் நின்றது.

உங்கள் ஏழு இடத்திலும் 192.168.0 அல்லது 192.168.1 என்றுதான் இருக்கும், பந்தயமே கட்டலாம். எனவே இணைப்பதற்கு முன்பே எண் மாற்றுங்கள். 10-இல் தொடங்கும் வரிசை உள்வலைக்கென்றே ஒதுக்கப்பட்டது, இடம் ஏராளம். இரண்டாவது எண் கட்டடத்தைச் சொல்லட்டும், மூன்றாவது பகுதியைச் சொல்லட்டும். தலைமைக் கட்டடத்து வருவாய் 10.1.10, லெசென் 10.1.20, குப்பைமேட்டு அலுவலகம் 10.5.70 என்பது போல. பிறகு பதிவேட்டில் ஒரு எண்ணைப் பார்த்ததுமே இது எந்த அறை என்று தெரிந்துவிடும். கணினிகளுக்கு, எண் பகிர்ந்து கொடுக்கும் சேவையான டிஎச்சிபி தானாகக் கொடுத்துவிடும். கையால் எண் போட்டு வைத்த பிரிண்டர், கேமரா, வருகைப்பதிவு மெஷின், இவைதான் தொல்லை. அவற்றைத் தேடித்தேடி முதலில் முடியுங்கள்.

இப்போது அந்தச் சுவர். பகுதிக்கு ஒரு வி-லான், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி வலை, போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் நான் போய்ப் பார்த்த அலுவலகங்கள் பலவற்றில் "வி-லான் போட்டாச்சு" என்று பெருமையாகக் காட்டுவார்கள். பூங்காப் பகுதிக் கணினியிலிருந்து வருவாய் சர்வரை அழைத்துப் பார்த்தால் உடனே பதில் வரும். வி-லான்களுக்கு நடுவே வழி காட்டும் வேலையை மைய ஸ்விட்சிடமே கொடுத்திருப்பார்கள். வேறு விதி எதுவும் எழுதாவிட்டால் அது கேட்டவருக்கெல்லாம் வழி விடும். லயத்து நடுச்சுவர்தான் இது, மேலே திறந்து கிடக்கிறது. ஒரு வி-லானிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு பேச்சும் ஃபயர்வாலுக்குள் புகுந்துதான் போகவேண்டும். அங்கே அடிப்படை விதி "எல்லாம் தடை" என்று இருக்கவேண்டும். அதற்கு மேல் ஒவ்வொன்றாகத் திறங்கள். லெசென் காவுண்டர் வரி பாக்கியைப் பார்க்கவேண்டுமா? லெசென் வி-லானிலிருந்து வருவாய்ச் செயலியின் அந்த ஒரு முகவரிக்கு, அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும். பகுதிகளுக்கு நடுவே 445-ஐயும், தூரத்திலிருந்து கணினியை இயக்கும் 3389-ஐயும் திறக்கச் சொல்லி யார் வந்தாலும் எழுதித் தரச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

சோதனை எளிது. பூங்காப் பகுதி நாற்காலியில் நீங்களே போய் உட்கார்ந்து, மற்ற ஆறு இடத்தையும் ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். பதில் வந்தால் வேலை முடியவில்லை, வெண்டருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெண்டர்கள் தூரத்திலிருந்து உள்ளே வரும் வழிதான் எனக்குப் பெரிய கவலை. 2019 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு ஊராட்சிகளின் கணினிகள் ஒரே நாள் காலையில் பூட்டிக்கொண்டன. ஊர் ஊராக யாரும் புகவில்லை. அந்த ஊர்களுக்குக் கணினி பராமரிக்கும் நிறுவனம் ஒன்று. அது தூரத்திலிருந்து வேலை பார்க்க வைத்திருந்த மென்பொருளுக்குள் ஒரு தடவை புகுந்தார்கள், அவ்வளவுதான். கேட்டது 25 லட்சம் டாலர். கொடுக்கவில்லை. பெரிய நகரமென்றால் பாதுகாப்பு இருக்கும், நம்மைப் போன்ற சின்ன ஊரை யார் சீண்டப்போகிறார்கள் என்று உங்கள் மன்றக் கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அப்போது இதைச் சொல்லுங்கள்.

உங்களிடம் இப்போது ஆளுக்கொரு வெண்டர், ஆளுக்கொரு தூர இணைப்பு மென்பொருள், அதில் மூன்று வருடமாக மாறாத ஒரு பாஸ்வேர்டு. எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வெளியிலிருந்து பூட்டிய பாதையில் உள்ளே வர ஒரே விபிஎன் வாசல், ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் அவர் பெயரில் கணக்கு, பாஸ்வேர்டோடு கைப்பேசியில் இரண்டாவது உறுதி. வேலை இருந்தால் போன் போட்டுச் சொல்லவேண்டும், நீங்கள் திறந்துவிட வேண்டும், சாயங்காலம் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அவருடைய சர்வரைத் தவிர வேறு எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது. முதல் மாதம் திட்டுவார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது செபுட் ஹார்காவிலேயே (விலைப்புள்ளி அழைப்பிலேயே) இதை ஒரு நிபந்தனையாக எழுதிவிட்டால் திட்டும் நிற்கும்.

மன்ற ஊழியர்களுக்கும் அப்படித்தான், ஆளுக்கொரு கணக்கு. "காவுண்டர்1" என்ற பெயரில் நான்கு பேர் உள்ளே போவது ஒழியவேண்டும். பணத்தில் பத்து வெள்ளி குறைந்தால்கூட யார் என்று சொல்லமுடியாது. ஒருவருக்கு இடமாற்றக் கடிதம் வந்தால் அதன் நகல் ஒன்று உங்கள் மேசைக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். பொறியியலில் இருந்து லெசென் பகுதிக்குப் போனவர் இன்னமும் பொறியியல் கோப்புகளைத் திறக்க முடிவது நீங்கள் நினைப்பதைவிட அதிக இடத்தில் நடக்கிறது.

நடந்ததை ஒவ்வொரு பெட்டியும் எழுதிவைக்கும் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்ப்பதைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் எல்லாப் பெட்டிகளின் கடிகாரத்தையும் என்டிபி என்ற நேரம் சரிசெய்யும் முறை மூலம் ஒன்றாக்குங்கள். ஒன்று பத்து நிமிடம் முன்னால், இன்னொன்று எட்டு மணி நேரம் பின்னால் ஓடினால், என்ன முதலில் நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. சேர்ப்பதற்கு வாஸூ போன்ற இலவச மென்பொருளே தொடக்கத்துக்குப் போதும். யார் பார்ப்பது என்பதுதான் கஷ்டம். இரண்டு பேரால் 24 மணி நேரமும் பார்க்க முடியாது, தீபாவளி இரவும் ராயா லீவும்தான் திருடனுக்கு வசதி. வெளியில் ஒரு கண்காணிப்பு மையத்தை அமர்த்தச் சொன்னால், அவர்களுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, கண்காணிப்பு மையச் சேவைக்கும் ஊடுருவல் சோதனைக்கும் உரிமம் கேட்கிறது.

அந்தச் சட்டத்தையே செயலாளர் மேசையில் வையுங்கள். முக்கியமான தகவல் கட்டமைப்பு என்று அது சொல்லும் 11 துறைகளில் அரசாங்கமும் ஒன்று. அப்படி நியமிக்கப்பட்ட அமைப்பு என்றால், தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனமான நாக்சாவுக்குச் சொல்லவேண்டும், 14 நாளுக்குள் கூடுதல் விவரம் தரவேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை ஆபத்து மதிப்பீடு, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தணிக்கை. உங்கள் மன்றத்துக்கு நியமனக் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வராவிட்டாலும் ஆறு மணி நேரத்தை உங்கள் இலக்காக வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. இன்றைய நிலைமையில், ஏழு வெண்டருக்கும் போன் போட்டு முடிப்பதற்கே ஆறு மணி நேரம் போய்விடும். ஏன் ஒன்றாக்க வேண்டும் என்று மன்றத்துக்கு விளக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி மின்னல். வெளியூர் ஆலோசகர்கள் இதை எழுதமாட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வானம் இருண்டால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் இழுத்தால் ஒரு இடியில் இரண்டு பக்கத்து ஸ்விட்சும் போகும். கருகிப்போன போர்ட்டுகளை நான் எண்ணிக்கை விட்டுவிட்டேன். கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் மட்டுமே போடுங்கள். இன்னொன்று, ஏழு வாசல் இருந்த இடத்தில் ஒரே வாசல் வந்தால், அது அடைபடும் நாளில் ஏழு காவுண்டரும் சேர்ந்து நிற்கும். ஃபயர்வாலை ஜோடியாக வாங்குங்கள். பணம் இல்லையென்றால் பெரியது ஒன்றை விட்டுவிட்டுச் சின்னதில் இரண்டு வாங்குங்கள். இப்போதுள்ள ஏழு லைனில் வேறு வேறு நிறுவனத்து லைன் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். அதில் மிச்சமாகும் மாதப் பணம் இரண்டாவது பெட்டிக்குக் கொஞ்சமாவது உதவும்.

பேக்கப் மட்டும் இந்த ஒற்றுமையில் சேரவேண்டாம். அதன் கணக்கும் பாஸ்வேர்டும் மன்றத்தின் பொதுக் கணக்குகளோடு ஒட்டாமல் தனியாக இருக்கட்டும். ஒரு நகல் கேபிள் கழற்றி அலமாரியில் பூட்டியே இருக்கட்டும். நிர்வாகியின் பாஸ்வேர்டைத் திருடியவன் முதலில் தேடிப் போவது பேக்கப்பைத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து நிஜமாகவே ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். "பேக்கப் ஓடுகிறது" என்று பச்சை விளக்கு எரிந்து, உள்ளே திறந்தால் ஒன்றுமில்லாமல் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பெட்டியும் கேபிளும் சுலபம், மனுஷங்கள்தான் கஷ்டம். வருவாய்த் தலைவர் "என் டேட்டா, என் சர்வர்" என்பார். அவர் பயம் நியாயமானது. நாளை ஏதாவது கெட்டுப்போனால் பத்திரிகையில் வருவது வரிக் கணக்குதான், உங்கள் ஃபயர்வால் இல்லை. அவரிடம் அதிகாரத்தைப் பிடுங்கப் போகாதீர்கள். அவருடைய சர்வரை யார் தொடலாம் என்று தீர்மானிப்பது அவர், அதைப் பெட்டியில் எழுதிக் காப்பது நீங்கள், மாற்றம் வேண்டுமென்றால் ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போடுவது. இந்த ஒரு தாளைச் செயலாளர் ஒப்பத்தோடு வாங்கிவிட்டால் பாதிச் சண்டை தீரும். வாங்காமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

மாற்றும் வரிசை: பூங்கா முதலில், வருவாய் கடைசியில். மதிப்பீட்டு வரிக் கெடு வரும் பிப்ரவரி, ஆகஸ்ட் இரண்டிலும் எதையும் அசைக்கவேண்டாம். ஒவ்வொரு பகுதியும் மாறிய பிறகு இரண்டு வாரம் பழைய லைனை வெட்டாமல் வையுங்கள். அந்த இரண்டு வாரத்தில்தான் யாரும் சொல்லாத ஏதோ ஒரு மெஷின் வாயைத் திறக்கும்.

குப்பைமேட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். லாரி எடை போடும் தராசுக்கு ஒரு கணினி இருக்கும். தராசு மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது என்று சொல்லி விண்டோஸ் 7 இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. தராசோடு புதிதாக மாற்றப் பணம் வரும்வரை அதைத் தனி வி-லானில் ஒற்றையாக உட்கார வையுங்கள். இணையம் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், பென்டிரைவ் சொருகும் இடத்தையும் அடைத்துவிடுங்கள். அன்றன்றைய எடைக் கணக்கு தலைமை அலுவலகத்து ஒரே ஒரு சர்வருக்கு, ஒரே ஒரு போர்ட்டில், ஒரே திசையில் போகட்டும். அங்கே இரவுக் காவலுக்கு இருப்பவர் அந்தக் கணினியில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கொசுக்கடியில் தனியாக உட்காரும் மனிதர். அவருக்கு வேறு ஒரு வைஃபை கொடுங்கள்.